அமைச்சரின் குடும்பம் என்றால் யார் யார்?

நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். ஒவ்வொரு நிதியாண்டின் முதல் இயக்குநர் குழுக் கூட்டத்திலும், தமக்கு வேறு எந்தெந்த நிறுவனங்களில் ஈடுபாடு (பங்கு, பதவி போன்ற தொடர்பு) இருக்கிறது என்பதை ஒவ்வொரு இயக்குநரும் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். உறவினர்களின் பட்டியலையும் நாங்கள் கேட்டு வாங்குவோம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டமும் அதன் விதிகளும் உறவினர் என்று யாரைச் சொல்கின்றன என்பதில் ஐயத்துக்கே இடமில்லை: கணவன் அல்லது மனைவி, தாய், தந்தை, மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரர், சகோதரி, இவர்களுடன் இந்துக் கூட்டுக்குடும்பத்தின் உறுப்பினர்கள். இயக்குநருடைய தம்பியின் நிறுவனம் இந்த நிறுவனத்துக்குப் பொருள் விற்றால், விலை சந்தை விலையாகவே இருந்தாலும், அந்தப் பரிவர்த்தனை நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் இடம்பெற வேண்டும். தமக்கு ஈடுபாடு உள்ள ஒப்பந்தம் விவாதத்துக்கு வரும்போது இயக்குநர் அதில் பங்கெடுக்கக் கூடாது. இதில் எவரும் அவமானம் கொள்வதில்லை. எழுதிக் கொடுப்பதும் ஒதுங்கிக்கொள்வதும் அன்றாட நடைமுறை.

இதே அளவுகோல் நம் அமைச்சர்களுக்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளை எடுத்துப் படித்தேன். மத்திய அமைச்சர்களுக்கும் மாநில அமைச்சர்களுக்கும் பொதுவான சில பக்கங்கள் அவை. பதவியேற்பவர் தம் சொத்துகளையும் கடன்களையும் தொழில் ஈடுபாடுகளையும் பிரதமரிடமோ முதலமைச்சரிடமோ தெரிவிக்க வேண்டும். தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும். அரசுக்குப் பொருளோ சேவையோ வழங்கும் தொழிலாகவோ, அரசின் உரிமங்களையும் குத்தகைகளையும் நம்பி நடக்கும் தொழிலாகவோ இருந்தால் தம் பங்கையும் விட்டுவிட வேண்டும் என்றெல்லாம் அவை சொல்கின்றன. அரசுக்குப் பொருள் வழங்கும் தொழிலிலோ அரசு உரிமத்தை நம்பிய தொழிலிலோ தம் குடும்பத்தினர் இறங்காமல் பார்த்துக்கொள்ளவும் அமைச்சருக்குக் கட்டளை இருக்கிறது. படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

குடும்பம் என்றால் யார் என்ற விளக்கத்துக்கு வந்தபோதுதான் நிலைமை புரிந்தது. மனைவி அல்லது கணவன், வயதுவராத பிள்ளைகள், அமைச்சரை முழுமையாகச் சார்ந்து வாழும் இரத்த உறவினர் அல்லது மண உறவினர் ஆகியோரே அந்த விதிகளின்படி குடும்பம். சொந்தக் காலில் நிற்கும் அண்ணன் அதில் இல்லை. தொழில் நடத்தும் மகனும் மருமகனும் இல்லை. தாம் சம்பாதிக்கும் சகோதரியும் இல்லை. நம் நாட்டில் பெரிய தொழில்களை நடத்துபவர்கள் எவருடைய உணவுக்கும் உடைக்கும் காத்திருப்பவர்கள் அல்லர். ஆகவே எந்த உறவினரின் தொழில் அமைச்சரின் முடிவால் கோடிகளில் லாபமோ நட்டமோ அடையுமோ, அந்த உறவினரே இந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கிறார்.

இதைவிட என்னை வருத்தியது பங்கை விடுவது பற்றிய விதியின் வால்பகுதி. அரசு உரிமங்களை நம்பிய தொழிலின் உரிமையையும் நிர்வாகத்தையும் துறக்கும் அமைச்சர், அவற்றைத் தம் குடும்பத்திலோ உறவிலோ உள்ள வயதுவந்த ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று அது அனுமதிக்கிறது. அவர் வாழ்க்கைத்துணையாக இருக்கக் கூடாது; அமைச்சர் பதவியேற்பதற்கு முன்பே அந்தத் தொழிலோடு தொடர்புடையவராக இருக்க வேண்டும்; நிபந்தனைகள் இவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் தொழிலில் தம்பி அமைச்சரானால் தம் பங்கை அண்ணன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுக் கோப்புகளில் கையெழுத்திடலாம், விதி மீறப்படவில்லை. பதவியின் கடமையும் சொந்த ஆதாயமும் மோதும் நலன் முரணைத் தடுக்க எழுதப்பட்ட விதியே அது பயணம் செய்ய ஒரு பாதையையும் போட்டுக் கொடுத்திருக்கிறது. தணிக்கையில் இப்படி ஒரு மாற்றத்தை எங்களிடம் காட்டினால், தொடர்புடைய தரப்பு என்ற தலைப்பின் கீழ் அன்றே அதை எழுதிவிடுவோம்.

தமிழ் வாசகர்களுக்கு இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு தயாநிதி மாறன் 2004 மே மாதம் முதல் 2007 மே மாதம் வரை மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த காலம். அவருடைய அண்ணன் கலாநிதி மாறன் அப்போதே தென்னிந்தியாவின் மிகப்பெரிய தொலைக்காட்சிக் குழுமத்தின் உரிமையாளர். தொலைக்காட்சி உரிமங்களை வழங்குவது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் என்பது உண்மைதான். ஆனால் செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பவும், பண்பலை வானொலி நடத்தவும், வீட்டுக்கு நேரடியாக ஒளிபரப்பும் சேவை தொடங்கவும் வேண்டிய அலைவரிசைக்கு அனுமதி தருவது தொலைத்தொடர்புத் துறையில் உள்ள கம்பியில்லாத் தொடர்புப் பிரிவு. எனவே தம்பியின் அமைச்சகத்துக்கும் அண்ணனின் தொழிலுக்கும் இடையே வெறும் இரத்த உறவு மட்டுமல்லாமல் நிர்வாக உறவும் இருந்தது. அவர் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. எவர் அந்த நாற்காலியில் இருந்தாலும் இந்த நிலை முரணானது. அண்ணனின் நிறுவனத்தைத் தொடும் கோப்புகளை யார் முடிவு செய்வார்கள் என்ற கேள்வி பதவியேற்ற முதல் நாளே எழுதப்பட்டு, அதற்கான விடையும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் வாதம். வயதுவந்த அண்ணன் நடத்தை விதிகளின் குடும்ப விளக்கத்திற்குள் வராததால், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை.

பிறகு நடந்தவை எல்லோரும் அறிந்தவை. ஏர்செல் நிறுவனத்தை மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனத்துக்கு விற்கும்படி தாம் நெருக்கப்பட்டதாக ஏர்செல் நிறுவனர் சிவசங்கரன் புகார் கூறினார்; மேக்சிஸோடு தொடர்புடைய ஆஸ்ட்ரோ குழுமம், கலாநிதி மாறனின் சன் டைரக்ட் நிறுவனத்தில் செய்த முதலீடு அதற்கான கைம்மாறு என்று சிபிஐ குற்றம் சாட்டியது. 2011 ஜூலையில் தயாநிதி மாறன் ஜவுளித் துறை அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 2017 பிப்ரவரி 2 அன்று சிறப்பு நீதிமன்றம், வழக்கு விசாரணைக்கு முகாந்திரம் இல்லை என்று கூறி சகோதரர்கள் இருவரையும் விடுவித்தது. குற்றவியல் நீதிமன்றம் தன் முன் வைக்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. அது இலஞ்சம் பற்றிய கேள்வி. அந்தத் துறையை அந்தக் குடும்பச் சூழலில் எப்படிப் பொறுப்போடு நிர்வகித்திருக்க வேண்டும் என்ற கேள்வி எந்த மன்றத்தின் முன்னும் வைக்கப்படவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இதில் நீதி இல்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தொடக்கத்திலேயே வெளிப்படையாக அறிவித்து ஒதுங்குவதற்கு ஒரு நடைமுறை இருந்திருந்தால், இத்தனை ஆண்டுகள் சந்தேகத்தின் நிழலில் எவரும் நிற்க நேர்ந்திருக்காது.

இது ஒரு கட்சியின் நோயோ ஒரு மாநிலத்தின் நோயோ அன்று. 2008-இல் கர்நாடகத்தில் அமைந்த எடியூரப்பா அமைச்சரவையில் சுரங்கத் தொழிலதிபர் ஜனார்த்தன ரெட்டி சுற்றுலாத் துறையையும், அவருடைய அண்ணன் கருணாகர ரெட்டி வருவாய்த் துறையையும் வைத்திருந்தார்கள். கர்நாடக எல்லையை ஒட்டி ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் இயங்கிய ஓபுளாபுரம் சுரங்க நிறுவனம் தொடர்பான வழக்கில் ஜனார்த்தன ரெட்டி 2011 செப்டம்பரில் கைதானார். விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2025 மே மாதத்தில்தான் வந்தது. நில ஆவணங்கள் அண்ணனின் துறையில், சுரங்கம் தம்பியின் தொழிலில் என்ற ஏற்பாடு, பதவியேற்பு விழாவின் மேடையிலேயே எல்லார் கண்ணுக்கும் தெரிந்த ஒன்று.

பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ரிஷி சுனக்கின் கதையை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவதற்குக் காரணம், அதில் வரும் நிறுவனம் நம்முடையது என்பது மட்டுமல்ல. சிறிய தவறுகளைச் சிறிய தவறுகளாகவே கையாளும் ஒரு முறை எப்படி வேலை செய்கிறது என்பதை அது காட்டுகிறது. சுனக்கின் மனைவி அக்‌ஷதா மூர்த்தி, இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தியின் மகள். அந்த நிறுவனத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்குகள் அவர் பெயரில் இருந்தன. ஒரு சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம், ஆனால் அதன் மதிப்பு பல நூறு மில்லியன் பவுண்டுகள். பிரிட்டனில் வசித்தபோதும் தம் நிரந்தர வாழ்விடம் வேறு நாடு என்று அறிவித்து, வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே வரி செலுத்தாமலிருக்கும் சலுகையை அவர் பயன்படுத்தி வந்தது 2022 ஏப்ரலில் செய்தியானது. அந்தச் சலுகை அன்றைய சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அதே வாரத்தில், நிதியமைச்சரான அவருடைய கணவர் அறிவித்திருந்த தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு உயர்வு நடைமுறைக்கு வந்து, சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரின் கையிலிருந்தும் கூடுதலாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. சில நாட்களுக்குள் அக்‌ஷதா, உலகெங்கிலும் கிடைக்கும் வருமானத்துக்கு இனி பிரிட்டனில் வரி செலுத்துவதாக அறிவித்தார். சுனக் தம் விவரங்களை ஆராயும்படி பிரதமரின் நெறிமுறை ஆலோசகரைக் கேட்டுக்கொண்டார். ஆலோசகர் கைட் பிரபு, விதிகள் மீறப்படவில்லை என்று அம்மாத இறுதியில் கூறினார்.

அடுத்த நிகழ்வு சுனக் பிரதமரான பிறகு நடந்தது. 2023 மார்ச் மாத வரவுசெலவுத் திட்டத்தில், குழந்தைப் பராமரிப்பாளராகப் புதிதாகப் பதிவு செய்பவருக்கு 600 பவுண்டு ஊக்கத்தொகையும், ஒரு முகமை வழியாகப் பதிவு செய்தால் 1,200 பவுண்டும் தரும் சோதனைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அரசின் இணையதளம் பட்டியலிட்ட முகமைகள் ஆறு. அவற்றில் ஒன்றான கோரு கிட்ஸ் நிறுவனத்தில் அக்‌ஷதாவுக்குப் பங்கு இருந்தது. மார்ச் 28 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் சுனக் அமர்ந்திருந்தபோது, கேத்தரின் மெக்கின்னல் என்ற தொழிற்கட்சி உறுப்பினர், இந்தத் திட்டம் தொடர்பாகத் தெரிவிக்க வேண்டிய ஈடுபாடு ஏதும் உண்டா என்று நேராகக் கேட்டார். இல்லை, எல்லாம் வழக்கமான முறையில் தெரிவிக்கப்பட்டுள்ளன என்ற பொருளில் பிரதமர் பதிலளித்தார். ஏப்ரலில் நாடாளுமன்ற ஒழுங்குநெறி ஆணையர் டேனியல் கிரீன்பெர்க் விசாரணையைத் தொடங்கினார். ஆகஸ்டில் முடிவு வந்தது: மனைவியின் பங்கு குறித்து அரசுக்குத் தெரிவித்திருந்தாலும், குழுவின் முன் கேட்டபோது அறிவிக்கத் தவறியது விதிமீறல், பதிவு செய்வதையும் உரிய இடத்தில் அறிவிப்பதையும் ஒன்றாகக் கருதிய குழப்பத்தால் நேர்ந்தது, வேண்டுமென்றே செய்ததன்று. பிரதமர் மன்னிப்புக் கேட்டார், விவகாரம் அத்துடன் முடிந்தது.

இவ்வளவு சிறிய தண்டனைக்கு இத்தனை ஏற்பாடா என்று சிலர் கேட்கக் கூடும். எனக்கு அதன் சிறுமைதான் பெருமையாகத் தெரிகிறது. நாட்டின் பிரதமரிடம் ஒரு சாதாரண உறுப்பினர் நேருக்கு நேர் கேட்க முடிந்தது. கேட்பதற்கு வேண்டிய தகவல் நிறுவனப் பதிவேட்டில் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைத்தது. விசாரித்தவர் பிரதமரின் கீழ் பணியாற்றுபவர் அல்லர். நான்கு மாதங்களில் விடை எழுத்தில் வந்தது. காவல் துறையோ சிறையோ நீதிமன்றமோ தேவைப்படவில்லை. அந்த நாட்டின் அமைச்சர்களுக்கான நெறிமுறைகள் வாழ்க்கைத்துணையோடு நெருங்கிய குடும்பத்தினரின் ஈடுபாடுகளையும் தெரிவிக்கச் சொல்கின்றன. முரண் உண்மையில் இருப்பது மட்டுமல்லாமல், நியாயமாகச் சிந்திக்கும் ஒருவருக்கு இருப்பதாகத் தோன்றுவதையும் தவிர்க்கச் சொல்கின்றன. சார்ந்து வாழ்பவரா, சொந்தமாகச் சம்பாதிப்பவரா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. எழுந்திருந்தால் அக்‌ஷதா மூர்த்தி எவரையும் சார்ந்து வாழ்பவர் அல்லர் என்ற ஒரே வரியில் எல்லாம் மூடப்பட்டிருக்கும்.

குறைகள் அங்கேயும் இருக்கின்றன. நெறிமுறை ஆலோசகரை நியமிப்பவர் பிரதமரே. கைட் 2022 ஜூனில் பதவி விலகிய பிறகு டிசம்பர் வரை அந்த இடம் காலியாகக் கிடந்தது; அமைச்சர்களின் ஈடுபாடுகளைக் காட்டும் பட்டியல் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வெளியிடப்படாமல் இருந்து, 2023 ஏப்ரலில்தான் கோரு கிட்ஸ் பெயரோடு வெளிவந்தது. இந்தியாவுடனான வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில், இந்தியத் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கான விசா பற்றிப் பேசப்படும்போது இன்ஃபோசிஸ் பங்குதாரரின் கணவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது. அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 2025 ஜூலையில், சுனக் பதவியில் இல்லை.

அமைச்சரின் உறவினராகப் பிறந்ததற்காக ஒருவர் தொழில் செய்யக் கூடாதா என்ற எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். இன்ஃபோசிஸ் தொடங்கப்பட்ட 1981-இல் சுனக்குக்கு வயது ஒன்று. அவர் மாமனாரின் நிறுவனம் அரசியல் செல்வாக்கால் வளர்ந்தது என்று எவரும் சொல்ல முடியாது. தொழில் செய்யும் உரிமையை நம் அரசியல் சட்டமும் அடிப்படை உரிமையாக அளித்திருக்கிறது. ஆனால் உறவினரின் தொழிலை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சுமை அமைச்சரின் மேல்தான் விழுகிறது: உறவைச் சொல்ல வேண்டும், அந்தக் கோப்பை மட்டும் வேறொருவரிடம் விட வேண்டும். பொதுப்பணியை விரும்பி ஏற்பவர் சுமக்க முடியாத பாரமா இது?

கிரிக்கெட்டில் இதை நாம் ஏற்கெனவே செய்திருக்கிறோம். கிரிக்கெட் வாரிய நிர்வாகிகள் வாரியத்தின் போட்டிகளில் வணிக ஈடுபாடு கொள்ளக் கூடாது என்றிருந்த விதியை, ஐபிஎல் போட்டிகளுக்குப் பொருந்தாது என்று 2008-இல் வாரியம் திருத்தியது. வாரிய நிர்வாகியான சீனிவாசனின் இந்தியா சிமெண்ட்ஸ், சென்னை அணியின் உரிமையாளராக நீடிக்க அந்தத் திருத்தம் வழிவிட்டது. 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது. பிறகு வந்த வாரியத்தின் புதிய விதிகளில், தமக்கோ தம் உறவினருக்கோ நெருங்கிய கூட்டாளிக்கோ உள்ள ஈடுபாடு நலன் முரணாகக் கருதப்படுகிறது; புகார்களைக் கேட்க நெறிமுறை அதிகாரி ஒருவரும் இருக்கிறார். 2019-இல் ராகுல் திராவிட்கூட, இந்தியா சிமெண்ட்ஸ் பணியையும் தேசிய கிரிக்கெட் அகாடமிப் பொறுப்பையும் குறித்து அந்த அதிகாரிக்கு விளக்கம் அளிக்க நேர்ந்தது. பந்தும் மட்டையும் சார்ந்த விஷயத்தில் இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த நாடு, மணல், மின்சாரம், மருத்துவக் கல்லூரி, சாலை ஒப்பந்தம் ஆகியவற்றை முடிவு செய்பவர்களிடம் இவ்வளவைக்கூடக் கேட்கவில்லையே என்பது எனக்கு ஆறாத வேதனை.

வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக நமக்குக் கிடைத்த அரிய ஆவணம் அது. 2018 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், வருமானத்தின் மூலத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்றது. ஆனால் அங்கேயும் வேட்பாளர், வாழ்க்கைத்துணை, இந்துக் கூட்டுக்குடும்பம், சார்ந்து வாழ்வோர் என்பதே எல்லை. மேலும் அது போட்டியிடும் நாளின் நிழற்படம்; ஆட்சி நடக்கும் ஐந்தாண்டுகளில் யார் எந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள் என்பதை அது காட்டாது. மாநிலங்களவையில் உறுப்பினர்களின் பண ஈடுபாடுகளுக்கு ஒரு பதிவேடு உண்டு, அதிலும் உறுப்பினரின் சொந்த ஈடுபாடுகளே கேட்கப்படுகின்றன. கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நூறு ரூபாய் கட்டணம் செலுத்தி ஒரு நிறுவனத்தின் இயக்குநர்கள், பங்குதாரர்கள் யாரென்று எவரும் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் எந்த நிறுவனத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கே அது பயன்படும். பெயர்களை முன்வந்து சொல்ல வேண்டிய கடமை குடிமகனுடையது அல்ல, அமைச்சருடையது.

நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாநில அமைச்சர்களைப் பொறுத்தவரை நடத்தை விதிகளை நடைமுறைப்படுத்தும் அதிகாரி முதலமைச்சரே. பீகாரில் நிதிஷ் குமார் அரசு தொடங்கிவைத்த வழக்கத்தின்படி, அமைச்சர்களின் சொத்து விவரங்கள் ஆண்டு முடிவில் பொதுவில் வெளியிடப்படுகின்றன. அதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டின் முதலமைச்சர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், கம்பெனிகள் சட்டத்தின் உறவினர் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு, அந்த உறவினர்கள் நடத்தும் நிறுவனங்களின் பெயர்களை ஒவ்வொரு அமைச்சரிடமும் எழுதி வாங்கி, தலைமைச் செயலக இணையதளத்தில் வெளியிடலாம். அந்த நிறுவனம் சம்பந்தப்பட்ட கோப்பு வரும்போது, அமைச்சர் தம் உறவைக் குறித்து ஒரு வரி எழுதிக் கோப்பை முதலமைச்சருக்கு அனுப்பிவிட்டால், முதலமைச்சர் அதை வேறொரு அமைச்சரிடம் ஒப்படைக்கலாம். முதலமைச்சரின் சொந்த உறவினர் சம்பந்தப்பட்ட கோப்பை யார் பார்ப்பது என்பதுதான் இதில் கடினமான இடம். அதற்கு அமைச்சரவைக்கு வெளியே, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி போன்ற ஒருவரின் எழுத்துபூர்வமான கருத்து தேவைப்படும் என்பது என் எண்ணம். இந்த யோசனையை, இரண்டு குடும்ப விளக்கங்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, என் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதமாக அனுப்பியிருக்கிறேன். சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்பும்படி கேட்டிருக்கிறேன். உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் நீங்கள் எழுத விரும்பினால், அந்தக் கடிதத்தின் வாசகத்தை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.